சொட்டுமிடம் வேறு, ஓட்டை வேறு

(ரெட்டியார்சத்திரத்தில் வண்டியோட்டும் தோழர்கள் கூட்டத்தில் பேசியது)



நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. இன்று பேசப்போவதும் பெரிய தத்துவ விஷயமல்ல. வண்டி ஒழுகுவதைப் பற்றித்தான்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த சுற்றுலா வேன்களை இப்போது பார்க்கிறீர்கள். கேரள சர்க்கார் 2021-ல் இதற்கென்றே ஒரு திட்டம் போட்டார்கள். நமது தோழர் ஒருவரும் கடன் வாங்கி அப்படியொரு வேன் கட்டினார். சென்ற வருஷ ஐப்பசி மழையில் படுக்கைக்கு நேர் மேலே சொட்டி, மெத்தை நனைந்து, பலகை உப்பிப்போயிற்று. உறவினர்கள் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். மெக்கானிக் ஒருவர் சொட்டின இடத்தில் உட்புறமாகப் பசை அப்பினார். மறு மழையில் பழமும் நனைந்தது, பசையும் நனைந்தது, சொட்டு நிற்கவில்லை.

பழம் கட்டினவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பசை அப்பினவர் மட்டும் என்ன செய்தார்? அவரும் காரணத்தைத் தேடாமல்தானே கை வைத்தார்? இருவருக்கும் வித்தியாசம் கூலியில்தானே ஒழிய அறிவில் அல்ல!

தண்ணீர் பள்ளத்தைத் தேடும். நுண்ணிய இடுக்கானால் மேலேயும் ஏறும். கூரையில் நுழைந்த நீர் இரும்புச் சட்டத்தோடு ஓடி, எங்கே தடைப்படுகிறதோ அங்கே சொட்டும். ஆகையால் முதலில் அது எந்தத் தண்ணீர் என்று கேட்கவேண்டும். மழையில்லாத நாளிலும் ஈரமானால் தொட்டியையும் குழாய்களையும் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்பு விட்டுவிட்டு ஓடினால், எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் வால்வு கெட்டிருக்கிறது. கொடைக்கானல் குளிரில் சன்னல்களை மூடி நாலு பேர் தூங்கினால் காலையில் தகரம் வியர்க்கும். அது ஒழுக்கல்ல, நாம் விட்ட மூச்சு!

மழையில் மட்டும் சொட்டினால், மின்சாரத்தை நிறுத்தி, உட்பலகையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து உலரவிடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் விளக்கோடு இருக்கட்டும். மற்றவர் வெளியே ரப்பர் குழாயில் மெதுவாக நீர் விடட்டும். கீழிருந்து மேலே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு இணைப்பு, பத்து நிமிஷமாவது. மேலிருந்து ஊற்றினால் எல்லாமே நனைந்து, எது ஓட்டை என்று தெரியாது.

நாங்கள் அப்படியே செய்தோம். சன்னலில் இல்லை. பக்கச் சுவரில் இல்லை. கூரையிலுள்ள காற்றுப்போக்கியின் சட்டத்தில் நீர் விட்டதும் சொட்டியது; சொட்டுமிடத்துக்கு நான்கடி முன்னால் ஓட்டை! பழைய பசையைச் சுரண்டி, உலர்த்திப் புதுப்பசை வைத்து, மறுபடியும் நீர் விட்டுப் பார்த்தோம். சொட்டவில்லை.

இதே ஆராய்ச்சியைத்தான் 2012-ல் சனல் இடமருகு மும்பையில் செய்தார். வில்லே பார்லே பகுதியில், சிலுவையிலிருந்த ஏசு சிலையின் காலில் நீர் சொட்ட, ஜனங்கள் அற்புதமென்று பிடித்துக்கொண்டு போனார்கள். அடைபட்ட கழிவுநீர்க் குழாயின் நீர் சுவரின் நுண்துளைகளில் ஏறி வருகிறதென்று அவர் சொன்னார். பலன் என்ன? 295-ஏ பிரிவின் கீழ் அவர்மீது புகார்கள். அந்த வருஷமே அவர் பின்லாந்துக்குப் போக நேர்ந்தது.

தோழர்களே! ஓட்டையைக் காட்டினவனை விரட்டினால் ஓட்டை அடைபடுமா? ஆகையால் சொட்டைக் கண்டால் பழத்தையும் தேடாதீர்கள், பசையையும் தேடாதீர்கள்; முதலில் ஓட்டையைத் தேடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.