எல்லையோர ஊர்களில் நினைவும் வாழ்வும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களே!

பிழைப்புக்காகவோ, கல்விக்காகவோ, அலுவல் காரணமாகவோ நீங்கள் பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து, வேற்றுமொழி வழங்கும் நாடுகளில் குடியேறினீர்கள். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வாழும் தமிழராகிய நாங்களும் உங்களைப் போல வேற்று மாநிலத்துத் தமிழரே. ஆனால் நாங்கள் எங்கும் பெயரவில்லை. எங்கள் பாட்டனார் வெட்டிய கிணறும், நட்ட பலாவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எல்லைதான் எங்களைத் தேடி வந்தது. வந்த எல்லை எவற்றைப் பிரித்தது, எவற்றைப் பிரிக்க இயலாமல் நின்றது என்பதைப் பற்றி உங்களோடு சிறிது பேச விழைகின்றோம்.

எல்லை என்றவுடன் உயர்ந்த மலையும் அகன்ற ஆறும் நம் மனக்கண்முன் தோன்றும். இங்கே அவை ஒன்றும் இல்லை. களியக்காவிளைச் சந்தையைத் தாண்டிச் சிறிது தொலைவு நடந்தால் இஞ்சிவிளை வரும். முன்னது தமிழ்நாடு, பின்னது கேரளம். கடைப்பலகைகளின் எழுத்து மாறுகின்றது. மண்ணின் நிறம் மாறுவதில்லை. இரண்டு ஊர்ப் பெயர்களும் 'விளை' என்றே முடிகின்றன. தோட்ட நிலத்துக்கு எங்கள் முன்னோர் இட்ட பெயர் அது. இருபுறத்தாரும் உண்ணும் கிழங்குக்கு இரு மொழியிலும் மரச்சீனி என்றே பெயர். பலாப்பழத்துக்கும் சக்கை என்ற சொல்லே இருபுறமும் வழங்குகின்றது. சமையலறையில் எல்லை இன்னும் விழவில்லை என்பதற்கு இவை சான்று.

இந்த எல்லை வந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். திருவிதாங்கூரில் தமிழர் மிகுந்த வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் போராடியது. 1953-இல் அமைந்த மாநிலப் புனரமைப்பு ஆணைக்குழு 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு இணைந்தது. நெய்யாற்றின்கரையும், தேவிகுளமும், பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. ஒரே குடும்பத்தில் அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலும் ஆயின.

அந்தப் போராட்டம் குருதி சிந்தாமல் முடியவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர். அப்பொழுது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவர் சார்ந்த கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவரான இராம் மனோகர் லோகியாவே, அமைச்சரவை பதவி விலக வேண்டுமென வற்புறுத்தினார். மாண்டவர்களை எல்லையின் தென்புறத்தார் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர்.

எல்லையின் வடபுறத்திலும் அத்தகைய நாள் ஒன்று உண்டு. 1938 ஆகஸ்ட் 31-ஆம் நாள், பொறுப்பாட்சி கேட்டு எழுந்த மக்கள்மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. வீரராகவன் முதலியோர் உயிர் துறந்தனர். அந்நாளில் திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர்.

இரு நாள்களும் ஒரே ஆகஸ்ட் மாதத்தில் வருகின்றன. இடங்களும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. ஆயினும் ஒருபுறத்தார் ஒன்றை மட்டும் நினைக்கின்றனர். மறுபுறத்தார் மற்றொன்றை மட்டும் நினைக்கின்றனர். இரண்டையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். முன்னதில் ஆட்சி செய்த திவான் தமிழர். மாண்டவர்களின் நாடு மலையாள நாடு. பின்னதில் முதலமைச்சர் மலையாளி, மாண்டவர் தமிழர். ஆகவே, அதிகாரம் இழைத்த பிழையை ஒரு மொழியின்மேல் ஏற்றிச் சொல்வது முறையாகுமோ? மொழியின் பெயரால் மனக்கசப்பு எழும் காலங்களில் வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அனைவரும் இக்கேள்வியை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளல் நலம்.

துயரத்தைத் தனித்தனியே நினைக்கும் இம்மக்கள் மகிழ்ச்சியைக் கூடியே கொண்டாடுகின்றனர். நவராத்திரி நெருங்கும்பொழுது பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர்த் தோன்றிய வழக்கம் இது. அந்தச் சரஸ்வதி, கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. முதல் இரவு குழித்துறையிலும், மறுநாள் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோவிலிலும் தங்கி, மூன்றாம் நாள் ஊர்வலம் தலைநகர் சேரும். வழிநெடுக வீட்டு வாயில்களில் விளக்கேற்றி, பூவும் பழமும் தட்டில் ஏந்தி மக்கள் காத்து நிற்பர். களியக்காவிளையில் இரு மாநில அதிகாரிகளும் கூடி நிற்க, காவலர் அணிவகுத்து மரியாதை செலுத்துவர். பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் இருப்பினும் அதனைப் பேணுவது கேரளத் தொல்பொருள் துறையே என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அரசுகள் மாறின, தலைநகர் மாறியது, மன்னராட்சியும் மறைந்தது. ஊர்வலம் மட்டும் நடந்துகொண்டே இருக்கின்றது.

பாட்டிலும் இத்தகைய பொதுமை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாட்டு, தமிழும் மலையாளமும் கலந்து ஓடும் தென்னாட்டு நடையிலே அமைந்தது. தமிழர் அதனைத் தமிழ்க் கதைப்பாடலாகக் கொள்கின்றனர். மலையாளிகள் 'தெக்கன் பாட்டு' என்று கொள்கின்றனர். ஒரு வீரனுக்காக இரு மொழியாரும் உரிமை கொண்டாடுவது வழக்கு அன்று, உறவு. நாராயண குருவின் வாழ்வும் இவ்வாறே இருபுறத்தையும் தழுவி நிற்கின்றது. அவர் தவம் செய்த மருத்துவாமலை இன்று தமிழகத்தில் உள்ளது. 1888-இல் அவர் சிவலிங்கம் நாட்டிய அருவிப்புறம் நெய்யாற்றின் கரையில் உள்ளது. அவர் தமிழிலும் பாடல் இயற்றியவர்.

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். பூவாற்றில் நெய்யாறு கடலோடு கலக்கின்றது. அதற்குத் தெற்கே பொழியூர். அதனை அடுத்து நீரோடி. பொழியூர் கேரளம், நீரோடி தமிழ்நாடு. இக்கரையின் மீனவருக்கு 1544-ஆம் ஆண்டு ஒரு பொது நினைவு. அவ்வாண்டில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரையில் ஒரு மாத காலத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். 1956-இல் அரசாங்க எல்லை மாறியபொழுது திருச்சபையின் எல்லை மாறவில்லை. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய தமிழகக் கடலூர்கள் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தோடே நின்றன.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. விழிஞ்ஞம், பூந்துறை, பொழியூர் மீனவரையும், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவரையும் கடல் ஒருங்கே கொண்டது. ஆழ்கடலுக்குச் சென்ற படகுகளில் இரு மாநிலத்தாரும் சேர்ந்தே தொழில் செய்தவர்கள். பலரது உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத இடத்து இறுதிச் சடங்கு எப்படி நடக்கும்? காணாமற் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழாண்டுக் காலம் குறிக்கின்றது. துயரின் பெருமை கண்டு அரசுகள் அவ்விதியைத் தளர்த்தி உதவி வழங்கின. பெயர்கள் இரு தலைநகரங்களில் இரு பட்டியல்களாக எழுதப்பட்டன. கரையிலோ, பெண் கொடுத்தும் கொண்டும் உறவான குடும்பங்கள் ஒன்றாக அழுதன. நவம்பர் இறுதியில் ஏற்றும் மெழுகுவத்திக்கு எந்த மாநிலம் என்று எவரும் கேட்பதில்லை.

எல்லாம் இனிதே நடக்கின்றது என்று நாங்கள் சொல்லவில்லை. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்குச் சென்ற தண்ணீர் 2004-இல் நின்றது. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. தெய்வங்கள் கடக்கும் எல்லையைத் தண்ணீர் கடக்க இயலவில்லை. அதனினும் அமைதியாக நிகழும் இழப்பு ஒன்று உண்டு, அது மொழியிழப்பு. பாட்டி தமிழில் எழுதிய கடிதத்தைப் பேரன் எழுத்துக்கூட்டியும் படிக்க இயலாத வீடுகள் எங்கள் ஊர்களில் உண்டு. உங்கள் ஊர்களிலும் உண்டென அறிவோம். அவனைக் குறை கூறிப் பயனில்லை. வாழும் நாட்டின் மொழியை அவன் கற்கத்தான் வேண்டும். மலையாளம் கற்றதனால் அவன் தமிழை இழக்கவில்லை. தமிழைப் பயன்படுத்த இடமின்மையால் இழந்தான்.

1956-இல் எல்லைகளை மாற்றியமைத்த அதே காலத்தில், அரசியலமைப்பில் 350-அ என்னும் விதியும் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. கேரளம் 1969-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த வகை செய்தது. ஏட்டில் உள்ள உரிமை, கேட்பவர் இருந்தாலன்றி நாட்டில் நடவாது. பெற்றோர் பிள்ளையின் பெயரைக் கொடுத்தாலன்றித் தமிழ் வகுப்பு ஏது?

அன்பர்களே! எல்லையூர்கள் எங்களுக்குக் கற்பித்தது ஒன்றே. நினைவு என்பது நெஞ்சில் மட்டும் தங்குவதில்லை. கூடிச் செய்யும் செயலிலே தங்குகின்றது. வாயிலில் வைத்த விளக்கும், பலர் கூடிக் கேட்ட பாட்டும், கடற்கரையில் ஏற்றிய மெழுகுவத்தியுமே எழுபது ஆண்டுக் கோட்டை எளிதாக்கின. எனவே நீங்கள் வாழும் இடத்தில் ஆண்டுக்கு ஒரு நாளேனும் கூடுங்கள். முன்னோரின் பெயரையும், அவர் உழுத நிலத்தின் பெயரையும் குழந்தைகளைக் கொண்டு தமிழில் எழுதுவியுங்கள். முதியோர் அறிந்த பாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாளில் அண்டை வீட்டு வேற்றுமொழியாரையும் அழைத்து உடனிருத்தி உணவிடுங்கள். அவர்தம் துயர நாளுக்கு நீங்களும் செல்லுங்கள். எங்கள் பகுதியில் ஆகஸ்ட் மாதத்து இரு நாள்களையும் இருபுறத்தாரும் சேர்ந்து நினைக்கும் காலம் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அதற்கான முயற்சியை நாங்கள் எங்கள் தெருவில் தொடங்குகின்றோம். நீங்கள் உங்கள் தெருவில் தொடங்குங்கள்.