பத்திரம் வீட்டுக்கு வந்ததா?



இன்றைய பேச்சு வீட்டைப் பற்றியது. சொந்த வீடு சிறியதாக இருக்கலாம். கூரை ஓலையாகக் கூட இருக்கலாம். அது அடமானத்தில் இல்லை என்றால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

அடமானம் என்றால் என்ன? கடன் வாங்குகிறவர் தன் வீட்டை ஈடாக எழுதிக் கொடுக்கிறார். கடனைக் கட்டத் தவறினால், கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு கொத்தனார் குடும்பம். மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. கொத்தனார் வீட்டை அடமானம் வைத்து 50,000 ரூபாய் வாங்கினார். வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்தார். அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு ஆனது.

வட்டி நூற்றுக்கு 3 ரூபாய். மாதத்துக்கு 3 ரூபாய்! கணக்குப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 18,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 54,000 ரூபாய். வாங்கிய கடனை விட வட்டி பெரிதாகிவிட்டது. அசல் அப்படியே நின்றது. வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய் வட்டி என்றால், ஓர் ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான்.

கணவனும் மனைவியும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்தார்கள். அசலை ஐந்து தவணையாகக் கட்டினார்கள். தவணைக்கு 10,000 ரூபாய். முதல் நான்கு தவணைக்கும் சீட்டு வாங்கினார்கள். கடைசித் தவணைக்குச் சீட்டு வாங்கவில்லை. பத்திரத்தையும் கேட்கவில்லை.

"பெரிய மனுஷர். கேட்டால் தப்பா நினைப்பார். பத்திரம் எங்கே போகப் போகுது?" என்றார் கொத்தனார்.

இரண்டு ஆண்டுகள் போயின. கடன் கொடுத்தவர் இறந்தார். பிறகு கொத்தனாரும் இறந்தார். ஒரு நாள் கடன் கொடுத்தவரின் மகன் வந்தார். "அம்மா, எங்க அப்பா கொடுத்த 50,000 ரூபாய் அப்படியே நிற்குது. பத்திரம் எங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

அந்த அம்மா அழுதார். ஆனால் அழுதுகொண்டே இருக்கவில்லை. அவர் அப்போதுதான் கற்போர் மையத்தில் எழுத்துக் கற்றிருந்தார். தகரப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு தாளாக எழுத்துக் கூட்டிப் படித்தார். "அசல் வரவு ரூபாய் 10,000" என்று நான்கு சீட்டுகள் கிடைத்தன. ஐந்தாவது இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். சீட்டுகளைப் பார்த்தார்கள். 40,000 ரூபாய் கட்டியது உறுதி ஆனது. மீதி 10,000 ரூபாய்க்குச் சாட்சி இல்லை. அந்த அம்மா காதுத் தோட்டை விற்று அதை இரண்டாம் முறை கட்டினார்.

இந்த முறை வெறுங்கையோடு திரும்பவில்லை. "தம்பி, பத்திரத்தைக் கொடுங்க. கடன் தீர்ந்ததுன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கினார். கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்தார். வில்லங்கச் சான்று எடுத்தார். கடன் தீர்ந்தது அதில் ஏறியிருப்பதைத் தானே படித்துப் பார்த்தார்.

பணத்தைக் கட்டினால் மட்டும் போதாது. பத்திரமும் வீட்டுக்கு வர வேண்டும். இது யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டம் தரும் உரிமை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது.

வங்கிக் கடனுக்கும் விதி உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதம் ஆனால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் பத்திரத்தைக் கேட்டுப் பெறலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அடமானம் என்று வாயால் சொல்லி, கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவர்களும் உண்டு. கிரயம் என்றால் விற்பனை. வீடே போய்விடும். அதனால் பத்திரத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அது தெரியாத மொழியில் இருந்தால், நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு வாங்குங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பத்திரம் இருக்கிறதா? அதில் யார் பெயர் இருக்கிறது? கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பத்திரம் வெளியே இருந்தால், யாரிடம் இருக்கிறது, பாக்கி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளை வகுப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம்.