பறவையைப் படமெடுக்க எங்கே நிற்பது?

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பியதும் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருகின்றன. அவற்றின் பின்னாலேயே கேமராக்களும் வந்துவிடுகின்றன. பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த லென்ஸ் வாங்கலாம்?” என்றுதான். என்னைக் கேட்டால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: எங்கே நிற்பது? படம் தெளிவாக விழுவதும் பார்க்க அழகாக அமைவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தவைதான்.

ஃபோகஸை எடுத்துக்கொள்வோம். சிறகு கொஞ்சம் மங்கலாம், வால் மங்கலாம். கண் மங்கினால் அந்தப் படம் போனதுதான். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. முழுச்சட்டக கேமராவில் 400 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, எஃப் 5.6 துளையளவில் வைத்து, 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் பறவையைப் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். 5 மீட்டருக்கு நெருங்கினால் அது ஏறத்தாழ 5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கூழைக்கடாவின் அலகு மட்டுமே ஓரடி நீளம். அது உங்களை நேராகப் பார்த்து நின்றால் அலகின் நுனியும் கண்ணும் ஒருசேரத் தெளிவாக விழ வழியே இல்லை. கேமராவை அதன் போக்கில் விட்டால், அருகில் இருக்கிற அலகு நுனியைத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து கண்மேல் வையுங்கள். இல்லையென்றால் பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருங்கள். அப்போது அலகும் கண்ணும் உடலும் கிட்டத்தட்ட ஒரே தூரத்துக்கு வந்துவிடும்.

2020-இல் வந்த கேனான் ஆர்5 போன்ற கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கருவேல மரத்துக்குள் துள்ளித் திரியும் தேன்சிட்டிடம் அவையும் திணறும். முன்னால் இருக்கும் முள்ளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அரை அடி இடப்பக்கம் நகர்ந்து கிளைகளுக்கு நடுவே ஒரு சந்து தேடுவது நம் வேலை.

மங்கிய படத்துக்கெல்லாம் ஃபோகஸையே குறை சொல்லவும் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவைக்குப் பின்னால் இருக்கிற புல் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எதுவுமே துல்லியமாக இல்லையென்றால் கை ஆடியிருக்கிறது. 400 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 400-இல் ஒரு பங்கு நொடி வேண்டும். பறக்கும் பறவைக்கு 2000-இல் ஒரு பங்கு வேண்டும். அதற்காகக் கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, கூட்டத் தயங்காதீர்கள். படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளைப் பிறகு ஓரளவு சரிசெய்துகொள்ளலாம், ஆடிப்போன கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதாக ஒரு வில்லன் உண்டு: வெயில். கோடியக்கரைப் பக்கத்துச் சேற்றுவெளியிலோ உப்பளத்திலோ வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து சூடான காற்று அலை அலையாக எழும். தூரத்துப் பூநாரை தண்ணீருக்குள் நெளிவதுபோலத் தெரியும். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸானாலும் அந்த நெளிவை நீக்காது. விடிகாலையில் போய்விடுவது ஒன்றுதான் வழி.

இனி, படம் அமைகிற விதம். இதில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது காற்று. பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். மார்கழி, தை மாதங்களில் நம் கடலோர மாவட்டங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலைச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். நீர்நிலையின் கிழக்குக் கரையில் மேற்கு பார்த்து நின்றீர்களானால், வெளிச்சமும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். இறங்க வருகிற நாரை முகத்தில் வெளிச்சம் விழ, சிறகை விரித்து உங்களை நோக்கியே வரும். மாலையில் இந்தப் பொருத்தம் கலைந்துவிடும்: நல்ல வெளிச்சம் பார்த்து நின்றால் பறவையின் வால்தான் கிடைக்கும், முகம் வேண்டுமென்றால் எதிர்வெயில். ஆடிக் காற்றில் கோவைக் குளங்களுக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே காற்று மேற்கிலிருந்து வருவதால் மாலையே நல்ல நேரம்.

அடுத்தது உயரம். கரையோரச் சேற்றில் மேயும் உள்ளானை நின்றபடி எடுத்தால் அதன் முதுகும், பின்னணியாகச் சேறும்தான் படத்தில் இருக்கும். குப்புறப் படுத்து அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள். இப்போது பறவைக்குப் பின்னால் இருப்பது தூரத்து நீரும் எதிர்க்கரையும். பின்னணி அவ்வளவு தள்ளிப் போய்விட்டதால் அது மெழுகிவிட்டதுபோல் மென்மையாகிவிடும், பறவை தனித்து நிற்கும். ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேடந்தாங்கல் போல, கரையை விட்டு இறங்கக் கூடாத இடங்களில் உங்கள் கண்மட்டத்துக்கு அருகில் எந்தப் பறவை இருக்கிறதோ அதைத் தேடி எடுங்கள். உச்சிக்கிளையில் வெள்ளை வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரிவதை விட்டுவிடலாம்.

பறவை பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். வேடந்தாங்கல் மரங்களில் உண்மையான சிக்கல் வேறு. மஞ்சள் மூக்கு நாரைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நாம் எடுக்கும் ஒன்றின் கழுத்துக்குப் பின்னாலிருந்து பக்கத்து நாரையின் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதை நிறுத்தி, ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் பார்த்து, எதை வெளியே தள்ளுவது என்று யோசிக்க வேண்டும்.

நிறத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். பல பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டுச் செய்த ஒரு கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். காட்டுயிர்களை அவர் எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள். நீங்கள் எடுத்த மீன்கொத்திப் படத்தை ஃபோனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் பறவையின் வடிவம் எடுப்பாக நின்றால் நல்ல படம். காணாமல் போய்விட்டால், நீல நிறம் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

கடைசியாக, எங்கே நிற்கக் கூடாது என்பது. பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் படக் கலைஞர் எரிக் ஹோஸ்கிங், 1937-இல் கூடு காக்கும் ஆந்தை ஒன்று தாக்கி ஒரு கண்ணை இழந்தார். எல்லாப் பறவைக்கும் அப்படித் தாக்கும் வலு இல்லை. பெரும்பாலானவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். அந்த நேரத்தில் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். தூரக் கரையிலிருந்து தெரியும் கூட்டை எடுப்பதில் தவறில்லை. ஆனால் கூட்டருகே போகாதீர்கள், மறைக்கிற கிளையை ஒடிக்காதீர்கள், ஃபோனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். பறவை மேய்வதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கத் தொடங்கினால், இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள்.