தெரியேல்லை என்று சொல்லவும் தெரிய வேண்டும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஏ.எல். வரைக்கும்தான் படித்தவன். பக்டரியில் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிற வேலை. வைத்தியர்களைப் பற்றிப் பேச இவன் யார் என்று நீங்கள் யோசிக்கலாம். எனது மனைவியின் தங்கச்சி இங்கே பிரித்தானியாவில் குடும்ப வைத்தியராக, அதாவது ஜீ.பி.யாக வரப் பயிற்சி எடுக்கிறா. எங்களோடுதான் இருக்கிறா. அவ வேலையால் வர, நான் இரவு ஷிப்டுக்கு வெளிக்கிடுவேன். இடையில் கிடைக்கிற தேத்தண்ணி நேரத்தில் கேட்டு அறிந்ததையும், பிறகு தேடிப் படித்ததையும்தான் சொல்கிறேன்.

"டொக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சு, இன்னும் என்ன பயிற்சி?" என்று எங்கட ஆக்கள் கேட்பினம். கணக்கைப் பாருங்கோ. மருத்துவப் படிப்பு பெரும்பாலும் 5 வருடம். பிறகு ஆரம்பப் பயிற்சி 2 வருடம். அதன் பிறகு ஜீ.பி. பயிற்சி முழுநேரமாகச் செய்தாலும் 3 வருடம். அதற்குள் சோதனைகள் வேறு. ஒரு சோதனையில் 12 ஆலோசனைகள், ஒவ்வொன்றும் 12 நிமிடம்.

ஆனால் சோதனையை விடப் பெரிய பாரம் ஒன்று இருக்கிறது. அது நிச்சயமில்லாமை. எங்கட பெல்ட்டில் வருகிற பெட்டிக்குள் இரும்புத் துண்டு கிடந்தால் மெஷின் கத்தும். நல்லது, பழுது, இரண்டே முடிவுதான். ஜீ.பி.யின் அறையில் அப்படி ஒரு மெஷின் இல்லை. தலையிடி என்று ஒருவர் வருவார். அநேகமாக அது சாதாரணத் தலையிடிதான். எப்போதாவது ஒன்று பெரிய வருத்தத்தின் தொடக்கமாக இருக்கும். சில நிமிடத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். மேற்பார்வை வைத்தியர் இருப்பார், ஆனால் எப்போது போய் அவரைக் கேட்பது என்பதையும் அந்தப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். இரவு படுத்தாலும் "அந்த மனிசன் எப்படி இருக்கிறாரோ" என்ற யோசனைதான்.

இப்படியே போனால் ஆள் உள்ளுக்குள் எரிந்து முடிந்துவிடும். இதைத்தான் பேர்ண்அவுட் என்கிறார்கள். 1981 இல் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் இன்னொருவரோடு சேர்ந்து இதை அளக்க ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். மூன்று அடையாளங்கள்: மனம் களைத்துப் போதல், முன்னால் இருப்பவரை மனிசராகப் பாராமல் ஒரு கேஸாகப் பார்த்தல், நான் செய்வதில் ஒரு பயனுமில்லை என்ற நினைப்பு. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இது நோயல்ல, வேலைத்தலத்தில் தீராத அழுத்தத்தால் வருவது என்று வகுத்தது. கவனியுங்கோ, பிள்ளையின் பலவீனம் என்று அவர்கள் சொல்லவில்லை. பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிப்போட்டு, நிற்கிறவனிடம் "தாங்கு, தாங்கு" என்றால் எவ்வளவு நேரம் தாங்குவான்? வேலைப்பளுவைக் குறைப்பது நிர்வாகத்தின் கடமை.

அதோடு, தாங்குவதற்குக் கற்றுக்கொள்ளக்கூடிய வழிகளும் உண்டு. ரோஜர் நெய்பர் என்ற ஆங்கிலேய ஜீ.பி. 1987 இல் எழுதிய புத்தகத்தில் இரண்டு விடயம் எனக்குப் பிடித்தது. ஒன்று பாதுகாப்பு வலை. நான் நினைத்தது சரியென்றால் என்ன நடக்கும்? பிழையென்றால் எப்படித் தெரியும்? அப்போது என்ன செய்வேன்? இந்த மூன்றையும் யோசித்து நோயாளிக்கும் சொல்லிவிட வேண்டும். மற்றது, அடுத்த நோயாளியைக் கூப்பிட முதல், தன் மனத்தைக் கூட்டித் துப்புரவாக்குவது.

இன்னொருவர் மைக்கேல் பாலின்ற். ஹங்கேரியில் பிறந்த யூதர். 1939 இல் இங்கே வந்தவர், எங்களைப்போல நாட்டை விட்டு வந்தவர். 1950களில் லண்டனில் ஜீ.பி.மாரை வட்டமாக இருத்தி, மனதை உறுத்துகிற நோயாளரைப் பற்றிப் பேச வைத்தார். அப்படியான குழுக்கள் இன்றும் நடக்கின்றன.

இனி எங்கட பங்கு. "நாங்கள் ஷெல்லுக்கை இருந்து வந்தனாங்கள், உனக்கென்ன கஷ்டம்?" என்று எங்கட வீடுகளில் ஒரு கதை இருக்கு. அந்தக் கதை பிள்ளையின் வாயை மூடிவிடும். யோசித்துப் பாருங்கோ, பங்கருக்குள் ஆர் தனிய இருந்து தாங்கினது? அயலட்டைச் சனத்தோடு நெருங்கிக்கொண்டு இருந்தபடியால்தான் தாங்கினனாங்கள். அந்தப் பிள்ளையளையும் தனிய விடாதேங்கோ. களைப்பு என்று சொன்னால் புத்தி சொல்லாமல் கேளுங்கோ. வைத்தியரும் தன் குடும்பத்துக்கு வெளியே ஒரு ஜீ.பி.யிடம் பதிந்திருக்க வேண்டும் என்று இங்குள்ள மருத்துவக் கவுன்சிலே சொல்கிறது. அதில் வெட்கமில்லை.

நோயாளியாகப் போகும்போதும் ஒன்று. "மூன்று நாளில் குறையாவிட்டால் திரும்பி வாங்கோ" என்று டொக்டர் சொன்னால், "அவவுக்கு ஒண்டும் தெரியேல்லை, பனடோலோடை அனுப்பிவிட்டா" என்று கதைக்கிறம். அதுதான் அந்தப் பாதுகாப்பு வலை. என்ன மாறினால், எத்தனை நாளில் வர வேண்டும் என்று கேட்டு வையுங்கோ. மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. அது உங்களுக்கும் நல்லது, அந்தப் பிள்ளைக்கும் இரவில் நித்திரை வரும்.