மேலே பார்க்கும் லில்லி

பூங்கொத்துக் கடையில் கரும்புள்ளிகளோடு, வெள்ளை விளிம்போடு, அகல விரிந்த ரோஸ் நிற லில்லியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஸ்டார்கேஸர், அதாவது விண்மீன் பார்ப்பது. அதற்கு முன்பு ஓரியன்டல் கலப்பின லில்லிகள் பெரும்பாலும் தலை கவிழ்ந்தே பூத்தன. கலிஃபோர்னியாவில் லெஸ்லி உட்ரிஃப் 1970-களில் உருவாக்கிய இந்தச் செடி முகத்தை நிமிர்த்திப் பூத்தது.

வீட்டில் வளர்க்க ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் வேண்டும். கிழங்கைக் கையில் எடுத்தால் பூண்டுப் பல்லை அடுக்கியதுபோல் செதில் செதிலாக இருக்கும். வெங்காயத்துக்கு உள்ளதுபோல் மேல்தோல் கிடையாது. சீக்கிரம் வாடிவிடும், வாங்கிய கையோடு நட்டுவிடுங்கள். கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம் வேண்டும். ஏனென்றால், கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும். தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். பூ முடிந்ததும் தண்டை வெட்டாதீர்கள். அடுத்த வருஷத்துக்கான சாப்பாட்டை அந்த இலைகள்தான் கிழங்கில் சேர்க்கின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். இலையையோ மகரந்தத்தையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடலாம். நக்கியது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.