பூட்டு இருந்தும் திறந்து கிடக்கும் வீடு



மாதக் கடைசியில் சம்பளம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கிடங்கில் சரக்கு ஏறியதும் அதற்கான ரசீது தயாராகிறது. இதற்கெல்லாம் பின்னால் ஒரு கணினி இன்னொரு கணினியை அழைத்து, ‘இந்த வேலையைச் செய்து கொடு’ என்று கேட்கிறது. பெரிய நிறுவனங்களில் பரவலாகப் பயன்படும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் இந்த அழைப்புக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்.

அழைப்பது யார், எந்த வேலையைக் கேட்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சம்பளப் பட்டியலை அந்நியர் படிக்கலாம். சரக்கு கொடுத்தவரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி, அவருக்குச் சேர வேண்டிய பணத்தை வேறு கைக்குத் திருப்பி விடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2019 ஏப்ரலில் துபாயில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டை அடுத்து, எஸ்.ஏ.பி. அமைப்புகளுக்குள் நுழையும் கருவிகள் வெளியாயின. ‘டென்கேபிளேஸ்’ என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு மே மாதம் எச்சரிக்கை விடுத்தது. அந்தக் கருவிகள் புதிய ஓட்டை எதையும் தேடவில்லை. பூட்டாமல் விட்ட கதவுகளே அவற்றுக்குப் போதுமானவையாக இருந்தன. பூட்டும் முறையை எஸ்.ஏ.பி. நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருந்தது.

பூட்டுகள் இரண்டு. முதலாவது வாசலில் இருக்கிறது. ‘கேட்வே’ எனப்படும் அந்த வாசலில் இரு பட்டியல்கள் உண்டு. எந்த வெளி நிரலை யார் இயக்கலாம் என்பதை ‘செக்இன்ஃபோ’ சொல்லும். எந்த வெளி நிரல் வாசலில் தன் பெயரைப் பதிந்து வைக்கலாம் என்பதை ‘ரெக்இன்ஃபோ’ சொல்லும். காவலாளி பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பார். பொருந்தும் முதல் வரியே தீர்ப்பு.

இரண்டாவது பூட்டு வீட்டுக்குள் இருக்கிறது. ‘எஸ் ஆர்.எஃப்.சி.’ என்னும் அதிகாரம், உள்ளே வந்தவர் எந்தச் செயல்களை அழைக்கலாம் என்று வரையறுக்கும்.

இவ்வளவு இருந்தும் வீடு ஏன் திறந்து கிடக்கிறது? ஒரே ஒரு நட்சத்திரக் குறிதான் காரணம். பட்டியலில் அந்தக் குறியைப் போட்டால் ‘எல்லாருக்கும் எல்லாமும்’ என்று பொருள். புதிய அமைப்பை அவசரமாக ஓட்டிப் பார்க்கும் நாளில் அதைப் போடுகிறார்கள். ‘பிறகு திருத்திக் கொள்ளலாம்’ என்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. கை வைத்தால் சம்பள ஓட்டம் நின்று விடுமோ என்ற அச்சம் தடுத்து விடுகிறது.

அந்த அச்சம் நியாயமானதே. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் கேட்வேயில் பதிவேட்டை இயக்கி, வந்து போகும் அழைப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாத இறுதிக் கணக்கும் ஆண்டு இறுதிக் கணக்கும் அந்தக் காலத்துக்குள் அடங்குவது நல்லது. பிறகு குறிப்பில் உள்ளவர்களைப் பெயர் பெயராகப் பட்டியலில் எழுத வேண்டும். அடுத்து ஒத்திகை முறை. பட்டியலில் பொருந்தாத அழைப்பையும் அது தடுக்காது. ஆனால் குறித்து வைக்கும். விடுபட்டவர் யார் என்று அதில் தெரிந்துவிடும். அவர்களையும் சேர்த்தபின் ஒத்திகையை நிறுத்தினால், உண்மைக் காவல் தொடங்கும்.

உள்பூட்டுக்கும் இதே ஒழுங்குதான். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் பயனர், அதற்குத் தேவையான செயல்கள் மட்டும். மனிதர் திரையில் உள்நுழைய முடியாத ‘சிஸ்டம்’ வகைப் பயனராக அது இருக்கட்டும். எல்லா அதிகாரமும் அடங்கிய ‘எஸ்.ஏ.பி. ஆல்’ என்பதை அதற்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

இந்த வேலையைக் கணினிப் பிரிவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எந்த அழைப்பு தேவை என்பது கணக்குப் பிரிவுக்கும் கிடங்குக்கும்தான் தெரியும். நிர்வாகிகளே, உங்கள் பட்டியலில் இன்னும் நட்சத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் கிடைக்கத் தாமதமானால், அந்தத் தாமதமே உங்களுக்கு வந்த எச்சரிக்கை.