எல்லா நாரி நோவும் டிஸ்க் விலகல் அல்ல

(நூற்றாண்டு விழாவையொட்டி நல்லூரில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரே வாங்கில் எங்களோடு இருந்து படித்த ஒருத்தியைப் பற்றி, அவளின் சம்மதத்தோடு சொல்கிறோம். நல்லூர்த் திருவிழாவில் அடியழித்து முடித்த கிழமை, நாரியிலிருந்து கால்வரை மின்சாரம் அடிப்பதுபோல அவளுக்கு நோ தொடங்கியது. "விழுந்து கும்பிட்டு எழும்பினதால் வந்திருக்கும், டிஸ்க்தான்" என்று தொலைபேசியிலேயே சொன்னோம். மருத்துவம் படித்த நாங்களே சொன்னோம். எண்ணெய் பூசினாள், பெல்ற் கட்டினாள். ஆறு மாதம் கழித்து ஒரு காலை முகம் ஒரு பக்கம் கோணியது. அதன் பிறகுதான் விசாரித்தோம். முதல் வருடம் கண் சிவந்து மருந்து விட்டிருக்கிறாள். வறட்டு இருமலும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியர். எல்லாவற்றையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நோயின் பெயர் சார்கொயிடோசிஸ். உடலின் எதிர்ப்புக் கலங்கள் திரண்டு சிறு முடிச்சுகளாகும். பெரும்பாலும் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும். ஏன் என்று இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. நோயாளிகளில் 100 பேருக்கு 5 முதல் 10 பேரில் இது நரம்பு மண்டலத்தையும் தாக்கும். முகநரம்பே அதிகம் அகப்படும். முள்ளந்தண்டு நரம்பு வேர்களில் வருவது அரிது. வந்தால் நோ காலுக்கு ஓடும், அல்லது நெஞ்சைச் சுற்றிப் பட்டி இறுக்கினாற்போல நிற்கும்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோயும் இதேபோன்ற முடிச்சுகளை உண்டாக்கும். சார்கொயிடோசிஸுக்கு முதல் மருந்து ஸ்ரீரொயிட். காசநோய் இருப்பது தெரியாமல் அதை மட்டும் கொடுத்தால் காசநோய் பெருகும். ஆகவே நெஞ்சு எக்ஸ்றே, எம்.ஆர்.ஐ., முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனை, சிறு சதைத்துண்டுப் பரிசோதனை என்று அலைய நேர்ந்தால் சலிக்க வேண்டாம். அந்தத் தாமதம் காப்பதற்கே.

தோழி இன்று நடக்கிறாள். ஒரு பாதத்தின் விறைப்பு மட்டும் போகவில்லை. அதில் எங்கள் பங்கும் உண்டு.

சகோதரிகளே, நாரி நோ பெரும்பாலும் தானே மாறும். ஆனால் நோவைப் பொறுத்தே பழகியவர்கள் நாங்கள். மாறாத நோவென்றால் கண், முகம், இருமல், தோல் எல்லாவற்றையும் ஒரே வைத்தியரிடம் ஒன்றாகச் சொல்லுங்கள். கால் பலமிழந்தாலோ சலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியர்களான எங்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி எழும்புமுன், "வேறென்ன செய்யுது, பிள்ளை?" என்று ஒருதரம் கேட்போம்.